நம் டீமுக்கு ஒரு ரெக்கார்டு நோட் வேண்டும்



ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காமல் பிராக்டிகல் பரீட்சைக்குப் போய் நின்றால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எய்ம், அப்பரேட்டஸ், ப்ரொசீஜர், டேபுலேஷன், ரிசல்ட் என்று ஒன்று விடாமல் எழுதுகிறோம். ரீடிங் தப்பாக வந்தாலும் அப்சர்வேஷன் நோட்டில் அது இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஒரு லேத்துக்குக்கூட எப்போது ஆயில் மாற்றினார்கள், எப்போது பெல்ட் அறுந்தது என்று எழுதி வைக்க ஒரு லாக் புக் உண்டு.

ஆனால் நண்பர்களே, வெயிலிலும் புழுதியிலும் ஓடி, முட்டி சிராய்த்து, கல்லூரி பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு விளையாடும் நம் கால்பந்து அணிக்கு அப்படி ஒரு நோட்டு உண்டா? கிடையாது. அலமாரியில் சில கோப்பைகள் இருக்கின்றன. சுவரில் சில குரூப் போட்டோக்கள் தொங்குகின்றன. கோப்பையில் வருடம் இருக்கிறது, ஜெயித்துக் கொடுத்தவன் பெயர் இல்லை. போட்டோவில் முகம் இருக்கிறது, இடமிருந்து வலம் யார் யார் என்று சொல்ல ஆள் இல்லை.

"அதனால என்னப்பா? ஆடினோம், முடிஞ்சுது" என்று சிலர் கேட்கலாம். சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஒரு கிளப்பில் ஆடுபவன் பத்து வருடம் ஆடலாம். நாம் இங்கே இருப்பதோ மூன்றே வருடம். ப்ளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு இரண்டே வருடம். முதல் வருடம் பெஞ்ச், இரண்டாம் வருடம் டீம், மூன்றாம் வருடம் கேப்டன், அப்புறம் அப்ரண்டிஸ் தேடி ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ பஸ் ஏறிவிடுகிறோம். ஆக, மூன்று வருடத்துக்கு ஒருமுறை டீம் மொத்தமாகப் புதுசாகிவிடுகிறது. அதற்கு முன் நடந்தது எதுவும் மைதானத்தில் நிற்கும் எவனுக்கும் தெரியாது. போன தலைமுறை எந்தத் தப்பைச் செய்து தோற்றதோ அதே தப்பை நாமும் செய்து தோற்கிறோம். இது மறதி மட்டுமல்ல, நஷ்டம்.

இந்த மண்ணில் பிறந்தவர்கள் இப்படி இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் திருவண்ணாமலை எழுதி வைத்த ஊர். அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர், ஹொய்சளர், விஜயநகர அரசர் காலத்துக் கல்வெட்டுகள் வரிசையாக நிற்கின்றன. யார் என்ன கொடுத்தான், எந்த ஆண்டில் கொடுத்தான் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்.

கோயிலை விடுங்கள், அது ராஜாக்கள் சமாச்சாரம். செங்கம் பக்கம் போய்ப் பாருங்கள். அந்த வட்டாரத்து நடுகற்கள் தமிழகம் முழுக்கப் பேர் பெற்றவை. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் ராஜாக்கள் இல்லை. மாடு பிடிக்க வந்த கூட்டத்தை எதிர்த்து நின்று செத்துப்போன சாதாரண ஊர்க்காரர்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், ஆள் பேர் என்ன, எதற்காக விழுந்தான், எல்லாம் சில வரியில் அடங்கிவிடும். நம் மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட ஒரு கல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கல். அதில் வீரன் பக்கத்தில் அவன் வளர்த்த நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்து எஜமானுக்குக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே சொல்கிறது!

ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நான்கு வருடத்துக்கு முன் நம் கோல் போஸ்ட்டில் நின்றவன் பெயர் தெரியவில்லை. இது நியாயமா?

வெளிநாட்டுக் கல்லூரிகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். 1869 நவம்பர் 6-ஆம் தேதி அமெரிக்காவின் நியூஜெர்சியில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் ஒரு பந்தாட்டம் ஆடின. ஒரு பக்கத்துக்கு 25 பேர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. இன்றைக்கு அமெரிக்கர் ஆடும் ஃபுட்பாலைவிட நம் ஆட்டத்துக்குத்தான் அது பக்கம். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. ஒரே வாரத்தில் பிரின்ஸ்டன் தன் ஊருக்கு அழைத்து 8-0 என்று திருப்பிக் கொடுத்தது. அத்தோடு அந்த சீசன் முடிந்தது. இரண்டே ஆட்டம், ஒரு வெற்றி, ஒரு தோல்வி. "இதைப் போய் எழுதணுமா" என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அந்த ஒற்றை வரியில்தான் அவர்களுடைய சீசன் வரிசை தொடங்குகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் வெற்றிக்குப் பிறகு ரட்கர்ஸ் பிரின்ஸ்டனை மறுபடி ஜெயித்தது 1938-இல்தான். 69 வருடம்! அத்தனை வருடத்துத் தோல்வியையும் மறைக்காமல் எழுதி வைத்திருந்ததால்தான் 1938-இல் ஜெயித்த பையன்களுக்குத் தாங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தது. எழுதாமல் விட்டிருந்தால் அது இன்னொரு சனிக்கிழமை மேட்ச், அவ்வளவுதான்.

"அது பணக்கார தேசம், நமக்கு ஒத்து வராது" என்பீர்கள். சரி, தமிழ்நாட்டுக்கே வருவோம். சென்னை சிட்டி எஃப்.சி. கதையை சீசன் சீசனாகப் படியுங்கள். 2016-17-இல் ஐ-லீக்கில் முதல்முறை நுழைந்தது. பத்து அணிகளில் எட்டாமிடம். 2017-18-இல் மறுபடியும் எட்டாமிடம். 2018-19-இல் சாம்பியன்! 20 ஆட்டத்தில் 43 புள்ளி. இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. 2019 மார்ச் 9-ஆம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில், கடைசி ஆட்டத்தில் முதலில் ஒரு கோலை வாங்கிக்கொண்டு, அப்புறம் மினர்வா பஞ்சாபை 3-1 என்று சாய்த்தார்கள். 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணியை ஐ-லீக்கில் காணோம்.

கோப்பையை மட்டும் பார்ப்பவனுக்கு 2019 மட்டும்தான் தெரியும். வரிசையாகப் படிப்பவனுக்கு இரண்டு விஷயம் புரியும். ஒன்று, எட்டாமிடம் என்பது முடிவு அல்ல. இரண்டு, சாம்பியன் ஆனாலும் நிலைத்து நிற்பது தனி வேலை. இன்னொன்றும் உண்டு. குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அந்த இரண்டு எட்டாமிட சீசன்களிலும் சென்னை சிட்டிக்காக ஓடி ஓடி ஆடியவர். கோப்பை வந்த வருடம் அவர் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். கோப்பையோடு எடுத்த போட்டோவில் அவரைத் தேடினால் கிடைக்காது. சீசன் கணக்கில் தேடினால் கிடைப்பார். அஸ்திவாரம் தோண்டியவன் கிரகப்பிரவேச போட்டோவில் நிற்பதில்லை என்று நம் சிவில் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் டீமிலும் அப்படிப்பட்டவர்கள் இல்லையா? முதல் ரவுண்டிலேயே தோற்று வந்த வருடத்தில் ஒரு நாள்கூட ப்ராக்டிஸுக்கு மட்டம் போடாதவன் இருப்பான். கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, வெறும் வயிற்றோடு ஓடினவன் இருப்பான். மூன்று வருடமும் சப்ஸ்டிட்யூட்டாக உட்கார்ந்து பந்து பொறுக்கிப் போட்டவன் இருப்பான். இவர்களுக்குக் கோப்பையும் இல்லை, போட்டோவும் இல்லை. நாம் எழுதாவிட்டால் இவர்கள் இருந்ததாகவே ஆகாது. நாளைக்கு ஒருவன் ஒரு வேலைக்கோ மேல்படிப்புக்கோ "நான் காலேஜ் டீமில் ஆடினேன்" என்று சர்டிஃபிகேட் கேட்டு வந்து நின்றால், எந்த வருடம், எந்த ஆட்டம் என்று எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு காகிதம் வேண்டாமா?

ஆகவே மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். சீசனுக்கு நாலு பக்கம். டீம் செலக்‌ஷன் நடந்த தேதி, ஆடிய எல்லோர் பெயரும் டிபார்ட்மென்ட்டும், ஒவ்வொரு மேட்ச்சுக்கும் எதிரணி, மைதானம், ஸ்கோர், கோல் போட்டவர், அடிபட்டவர். பெஞ்சில் இருந்தவர் பெயரும் கட்டாயம். கடைசியில் "ஏன் ஜெயித்தோம், ஏன் தோற்றோம்" என்று கேப்டன் பத்து வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பத்து வரியில் பொய் கூடாது. தீபத் திருவிழா சமயத்தில் மைதானம் வண்டி நிறுத்தும் இடமாகிப் ப்ராக்டிஸ் நின்றால் அதையும் எழுதுங்கள். செமஸ்டர் பரீட்சைக்குப் பயந்து நாலு பேர் வராமல் போனால் அதையும் எழுதுங்கள். அம்பயர் மேல் பழி போட்டுத் தப்பிக்காதீர்கள். அட, கால்பந்தில் அம்பயர் இல்லை, ரெஃப்ரி! இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் அந்த நோட்டைப் படிக்கட்டும்.

மாணவியருக்கும் முதல் பக்கத்திலிருந்தே இடம் வேண்டும். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சீனியர் பட்டம் வாங்கியது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. அப்படியிருக்க, "நம்ம காலேஜ்ல பொண்ணுங்க டீமா?" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். டீம் இல்லாத வருடத்தில் "டீம் இல்லை" என்றே எழுதுங்கள். அந்த வரி உறுத்தினால்தான் அடுத்த வருடம் டீம் வரும்.

நோட்டு ஒரு அலமாரியில் பூட்டி வைக்க அல்ல. ஒவ்வொரு வருடமும் இந்த ஆண்டு மலரில் அந்த சீசனுக்கு ஒரு பக்கம் அச்சாக வேண்டும். நோட்டு தொலைந்தாலும் மலர் நூறு வீடுகளில் இருக்கும். முதலாண்டு மாணவன் டீமில் சேரும் அன்று, பூட்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த நோட்டைப் படிக்கக் கொடுங்கள். தனக்கு முன்னால் யார் ஓடினார்கள் என்று தெரிந்தவன் சும்மா ஓடமாட்டான்.

பழைய வருடங்கள் போனது போனதுதான் என்றும் விட வேண்டாம். வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன்மார் தீபத்துக்கு ஊருக்கு வருவார்கள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருவார்கள். பதினான்கு கிலோமீட்டர் கூட நடந்தால் பத்து வருடக் கதை கிடைக்கும். இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதை மட்டும் பேனாவால் எழுதுங்கள், மற்றதைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா. இந்த சீசனில் நாம் எத்தனை மேட்ச் ஆடினோம் என்பது இன்றைக்கு நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கே எழுதினால்தான் உண்டு. தோழர்களே, முதல் பக்கத்தைத் திறப்போம்!