மறைக்கத் தக்கது யாது?

ஒருவர் எழுதியதை உரியவரன்றிப் பிறர் படித்தறியாவண்ணம் அமைக்கும் வித்தை, முற்காலத்தில் அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் தூதர்க்குமே வேண்டுவதாயிருந்தது. இன்று அங்காடியிற் காய்கறி வாங்கிக் கைப்பேசியாற் பணம் செலுத்தும் மூதாட்டியாரும் தாம் அறியாமலே இவ்வித்தையின் துணையை நாடுகின்றார். இத்துணைப் பொதுவாய்விட்ட ஒன்றைப்பற்றிக் கற்றவரிடையும் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருத்தல் கண்டே இதனை எழுதத் துணிந்தோம். சங்கேத முறையின் அமைப்பை எவருக்கும் காட்டாது ஒளித்துவைத்தலே அதற்குச் சிறந்த காவல் என்பது அவ்வெண்ணம். அது பிழையென்பதும், அப்பிழையால் விளையுங் கேடு சிறிதன்றென்பதும் எமது கருத்து.

இக்கருத்து புதியதுமன்று. ஒல்லாந்து தேசத்திற் பிறந்து பிரான்சில் மொழியாசிரியராயிருந்த ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பார் 1883-ஆம் ஆண்டில் ஒரு படைத்துறைச் சஞ்சிகையில் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். சங்கேத முறை பகைவர் கையிற் சிக்கினும் தீங்கு நேராதிருத்தல் வேண்டும். மறைவாயிருக்க வேண்டுவது திறவுகோலொன்றே என்பது அவர் கூற்றின் சாரம். திறவுகோல் என்றது அவ்வப்போது மாற்றிக்கொள்ளத்தக்க எண்ணையோ சொல்லையோ ஆம். அது களவுபோயின் அன்றே வேறொன்று அமைத்துக்கொள்ளலாம். முறையே வெளிப்பட்டுவிடின், அதனைக் கையாளும் ஆயிரம் பேரின் கருவிகளையும் ஒருங்கே மாற்றவேண்டும். அன்றியும், ஆயிரம் பேர் கையாளும் ஒன்று எத்தனை நாள் இரகசியமாயிருக்கும்? யந்திரமும் விலைக்கு வாங்கப்படும். ஊழியனும் விலைக்கு வாங்கப்படுவான்.

ஜெர்மானியரின் எனிக்மா யந்திரத்தின் வரலாற்றை இங்குச் சிறிது விரித்துரைத்தல் தகும். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜெர்மன் தரைப்படையார் 5 சக்கரங்களுள் மூன்றைத் தெரிந்து பூட்டி, 10 கம்பிகளால் எழுத்துகளை இணை இணையாகப் பிணைத்துச் செய்தி அனுப்பினர். இவ்வகையில் அமைக்கத்தக்க நிலைகளை எண்ணப்புகின், ஏறத்தாழ 159 என்னும் எண்ணின்பின் 18 சுன்னங்கள் இடவேண்டும். இப்பேரெண்ணை நம்பி அவர்கள் அச்சமற்றிருந்தனர். ஆயினும் எண்ணின் பெருமை வேறு; அமைப்பின் உறுதி வேறு. யந்திரத்தின் ஒரு முனையில் மின்னோட்டத்தைத் திருப்பியனுப்பும் பகுதியொன்றிருந்தது. எழுதுதற்கும் படித்தற்கும் ஒரே நிலை போதுமென்னும் வசதி அதனாற் கிடைத்தது. அவ்வசதிக்கு விலையாக, எந்த எழுத்தும் தன்னையே தன் மறையெழுத்தாக ஒருபோதும் பெறாதென்னுங் குறையும் புகுந்தது. கம்பிகளை எங்ஙனம் மாற்றினும் அக்குறை மாறாது.

பிளெட்ச்லி பார்க்கில் இருந்த பிரிட்டிஷ் அறிஞர், ஒரு செய்தியில் இன்ன சொற்றொடர் வருமென ஊகித்தனர். வானிலை அறிக்கை நாள்தோறும் ஒரே பாணியில் வருவதன்றோ? ஊகித்த சொற்றொடரை மறைசெய்தியின் கீழ் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்ப்பர். ஓரெழுத்தேனும் நேருக்கு நேர் ஒத்துவிடின், அவ்விடம் அன்றெனத் தள்ளுவர். எஞ்சிய இடங்களைக் கொண்டு, ஆலன் டூரிங் வகுத்துக் கார்டன் வெல்ஷ்மன் திருத்திய யந்திரம் அன்றைய திறவுகோலைத் தேடிற்று.

இவர்கட்கும் முன்னரே, 1932-இல், போலந்துக் கணித நிபுணர் மரியான் ரெயெவ்ஸ்கி அந்த யந்திரத்தின் உட்கம்பிகளின் அமைப்பைக் கணக்கினாற் கண்டறிந்துவிட்டார். பிரெஞ்சு ஒற்றர் பெற்றுத்தந்த சில பத்திரங்களும் அவர்க்குத் துணைசெய்தன. ஆயினும் வாயிலைத் திறந்துவிட்டது ஜெர்மானியரின் மிகுந்த ஜாக்கிரதையே. ஒவ்வொரு செய்திக்குமுரிய மூன்றெழுத்துக் குறியைப் பிழைநேராதிருத்தற்பொருட்டு இருமுறை எழுதியனுப்புமாறு அவர்கள் விதித்திருந்தனர். முதலாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் ஒன்றன் மறைவே என்னும் அச்சிறு செய்தி ரெயெவ்ஸ்கிக்குப் பிடிகயிறாயிற்று.

தான் கட்டிய வீட்டின் ஓட்டை தன் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின் உடைக்க வல்லாரை அழைத்துக் காட்டுதலே அறிவுடைமை. அமெரிக்க நாட்டுத் தர நிர்ணய நிலையம் 1997-இல் உலகனைத்திற்கும் அழைப்பு விடுத்து, வந்த முறைகளுள் 15-ஐ வெளிப்படையாக ஆராயச் செய்தது. 2000-ஆம் ஆண்டிற் பெல்ஜிய அறிஞர் இருவரின் முறை தெரிந்தெடுக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு படியையும் நம் மாணவர் எவரும் படித்தறியலாம். இன்றளவும் அதனை நடைமுறையில் உடைத்தாரில்லை.

குவாண்டம் கணினிக்கும் அசையாத முறைகளை நாடி அந்நிலையம் 2016-இல் மீண்டும் அழைத்தது. வந்தவற்றுள் 'சைக்' என்பது ஒன்று. அதன் அடிப்படைக் கருத்து 2011 முதல் ஆராயப்பட்டு வந்ததாகும். 2022-இல் லூவன் பல்கலைக்கழகத்தார் இருவர், அதன் வடிவங்களுட் சிறியதொன்றைக் கணினியின் ஒரே கருவைக்கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தெறிந்தனர். இதனைத் தோல்வியென்பாருமுளர். யாம் வெற்றியென்போம், நம் கடிதங்களை அதனிடம் ஒப்படைக்கு முன்னரன்றோ அதன் குறை வெளிப்பட்டது!

வெளிப்படையாய் இருந்ததும் பழுதுற்றதுண்டே என்று வினவுவார்க்கு விடையிறுத்தல் கடன். 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் பொதுச் செயல்நிரலில் ஒரு பிழை 2012 முதல் 2014 ஏப்ரல் வரை யாவர்க்குந் திறந்த ஏட்டிலேயே கிடந்தது. 'இத்தனை எழுத்துள்ள இச்சொல்லைத் திருப்பிச் சொல்லுக' என ஒருவன் கேட்டால், அவன் கூறிய தொகை மெய்தானா என்று நிரல் சரிபார்க்கவில்லை. அருகிலிருந்த நினைவையெல்லாம் 64 கிலோபைட் வரை வாரி வழங்கிற்று. இங்கே கணிதம் தோற்கவில்லை. ஏடு திறந்திருந்தது, படிப்பாரைக் காணோம். உலகமே நம்பியிருந்த அதனைப் பேணியவரோ மிகச் சிலர். திறந்துவைத்தல் வேறு, தேடிப்பார்த்தல் வேறு என்பதை யாமும் ஒப்புகின்றோம்.

இனி, எம்மை மிகவும் கவலையுறச் செய்வது பிறிதொன்று. குற்றவாளிகளைப் பிடித்தற்பொருட்டுச் சங்கேத முறைகளில் அரசாங்கத்திற்கென ஒரு பின்வாயில் வேண்டுமெனப் பல நாட்டு ஆட்சியாளர் கேட்டுவருகின்றனர். குற்றவாளியைப் பிடித்தல் அரசின் கடமையென்பதை மறுப்போமல்லோம். ஆயினும் நிகழ்ந்ததைக் கேண்மின். எதிர்பாரா எண்களைப் பிறப்பிப்பதாக 2006-இல் அமெரிக்கத் தரமாக வெளியிடப்பெற்ற ஒரு முறையில், முன்னரே பொறிக்கப்பட்ட எண்கள் சில இருந்தன. அவற்றைத் தெரிந்தவர் விரும்பியிருப்பின், பிறக்கும் எண்களை முன்கூட்டியே அறியத்தக்க மறைதிறவுகோலொன்றைத் தமக்கென வைத்திருக்கக்கூடும் என 2007-இல் இரு நிபுணர் காட்டினர். அம்முறை 2014-இற்றான் கைவிடப்பட்டது. மறு ஆண்டே, ஜூனிப்பர் என்னும் அமெரிக்கக் கம்பெனி தன் பாதுகாப்புக் கருவிகளின் நிரலில் அயலார் கைபுகுந்திருத்தலைக் கண்டு அறிவித்தது. ஆராய்ந்தோர் கண்டது யாதெனின், அக்கருவிகளில் இம்முறைக்கெனப் பொறித்திருந்த எண்ணை 2012-ஆம் ஆண்டிலேயே எவரோ மாற்றிவைத்திருந்தனர். வாயிலை அவர்கள் புதிதாகக் குடையவில்லை; இருந்த வாயிலுக்குப் பூட்டை மட்டும் மாற்றிக்கொண்டனர். நல்லவர்க்கு மட்டும் திறக்கும் கதவை எந்தக் கணிதமும் இதுகாறும் செய்துகொடுக்கவில்லை.

நம் மாணவருட் பலர் நாளை இத்தகைய முறைகளை அமைக்கும் பணியிற் புகுவர். அமைக்கக் கற்குமளவு உடைக்கவும் அவர்கள் கற்றல் வேண்டும். வரும் ஆண்டில் கணித மாணவரும் கணினி மாணவரும் இரு அணியாய்ப் பிரிந்து, ஓரணி அமைத்ததை மற்றோரணி ஒரு பருவம் முழுதுந் தாக்கிப் பார்க்கும் கழகமொன்று தோன்றுமாயின், அடுத்த மலரில் உடைபட்டவர் எழுதும் கட்டுரைக்கே முதலிடம் அளிக்குமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்கின்றோம்.