தேதி விதித்த பேதம்

ஓய்வூதியம் சர்க்கார் மனமிரங்கி அளிக்கும் உபகாரமே, ஆதலின் அதற்குரிய தகுதியை எப்பொழுதும் மாற்றலாம் என்று வாதிக்கும் அன்பர், அது முன்னாற்றிய சேவைக்குரிய உரிமை என 1982-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக உரைத்ததை மறந்துவிட்டார். கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை தாமிரபரணிக் கால்வாய்களின் மதகுகளைக் காக்கும் ஊழியருள், 1-4-2003-க்கு முன் நியமனம் பெற்றவர், பத்தாண்டுத் தகுதிப் பணி இருப்பின் ஆயுள்வரை ஓய்வூதியத்துக்கு உரியவராகவும், அன்றோ பின்னரோ வந்தவர், சம்பளத்தில் பத்து சதவீதம் செலுத்தும் பங்களிப்புத் திட்டத்துக்கு உட்பட்டவராகவும் பிரிக்கப்பட்டனர். வெள்ளமோ இருவருக்கும் ஒன்றே. தினக்கூலியாகப் பல்லாண்டு உழைத்தும், நிரந்தர ஆணை மட்டும் அத்தேதிக்குப் பின் கிடைத்தவர் நிலை இன்னும் பரிதாபம். முன்னரே நிரந்தரமானவருக்கு அத்தகைய சேவையில் பாதியைக் கணக்கிட இசைந்த சர்க்கார், ஆணையிடுவதில் நேர்ந்த தாமதத்துக்காக இவரை விலக்குவது எந்த நியாயம் என்பதற்கு அன்பர் விடை கூறட்டும்.