சக்கரை இருக்கார்... ரெஜினா எங்கே? க்ரைம் சீரிஸில் பெண் போலீஸ் தொடர வேண்டுமா?

குற்றாலத்தில் சாரல் சீசன் களைகட்டும் நாட்களில் மெயின் அருவிக்குப் போனவர்களுக்குத் தெரியும். பெண்கள் குளிக்கும் பக்கம் விசில் ஊதி, "குளிச்சவங்க வெளிய வாங்கம்மா, மத்தவங்களுக்கு வழி விடுங்க" என்று கூட்டத்தை நகர்த்திக்கொண்டே இருப்பவர்கள் பெண் போலீஸார். தண்ணீர் வரத்து திடீரென்று கூடினால் எல்லோரையும் கரையேற்றுவதும் அவர்கள் வேலைதான். அடுத்த வருஷ சீசனுக்குப் போனாலும் அங்கே ஒரு பெண் போலீஸ் இருப்பார்.

ஓடிடி சீசன்களில் அந்த உத்தரவாதம் இல்லை. முதல் சீசனில் மிரட்டலாக வரும் பெண் இன்ஸ்பெக்டர், இரண்டாவது சீசனில் காணாமலே போய்விடலாம். நம்ம ஊர் உதாரணம், 'சுழல்'.

'சுழல்' தொடரில் என்ன நடந்தது?

புஷ்கர் - காயத்ரி உருவாக்கிய 'சுழல்' முதல் சீசன் 2022 ஜூன் 17-ல் அமேசான் பிரைமில் வெளியானது. சாம்பலூர் என்ற கற்பனை ஊர், மயானக் கொள்ளை திருவிழா, காணாமல் போகும் ஒரு இளம்பெண். ஊர் இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி, அவருக்குக் கீழே சப் இன்ஸ்பெக்டர் சக்கரையாக கதிர்.

ரெஜினா வழக்கமான 'கண்டிப்பான லேடி இன்ஸ்பெக்டர்' இல்லை. ஒரு பக்கம் போலீஸ் அதிகாரி. இன்னொரு பக்கம், அதே வழக்கில் சிக்கிய மகனின் அம்மா. தொடரின் பெரிய பலங்களில் ஒன்று அந்த இழுபறி.

2025 பிப்ரவரி 28-ல் இரண்டாவது சீசன் வந்தது. இப்போது களம் காளிபட்டணம், அஷ்டகாளி திருவிழா. பார்க்கிற தென்காசிக்காரர்களுக்கு குலசை தசரா ஞாபகம் வராமல் இருக்காது. சக்கரை தொடர்கிறார். ஐஸ்வர்யா ராஜேஷின் நந்தினியும் தொடர்கிறார், ஆனால் சிறைக்குள். ரெஜினா இல்லை.

இரண்டாவது சீசனில் பெண் கதாபாத்திரங்களுக்குப் பஞ்சமே கிடையாது. கொலை வழக்கில் சந்தேக வளையத்துக்குள் வருவதே எட்டு இளம்பெண்கள்தான். ஆனால் விசாரணையை முன்நின்று நகர்த்துவது சக்கரை. கேள்வி கேட்கிற நாற்காலி ஆணுக்கும், பதில் சொல்கிற நாற்காலி பெண்களுக்கும் போய்விட்டது.

தொடர வேண்டாம் என்பவர்கள் சொல்வது என்ன?

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. ஊர், வழக்கு, திருவிழா எல்லாம் மாறும்போது பழைய ஆட்களை வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்தால் கதை இழுக்கும். ரெஜினாவின் கதை அந்த வழக்கோடு பின்னியது. வழக்கு முடிந்ததும் அவர் கதையும் முடிந்தது என்று எழுத்தாளர்கள் நினைத்திருக்கலாம்.

ஆனால் அந்த வாதத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கு. பெண் அதிகாரிக்கு மட்டும் ஏன் வழக்கு எப்போதும் சொந்தக் குடும்பத்துக்குள் வர வேண்டும்? மகனையோ, பழைய காயத்தையோ வழக்கோடு கட்டிவிட்டால், வழக்கு முடியும்போது அவரும் முடிந்துபோவார். சக்கரைக்கு அப்படி இல்லை. அடுத்த ஊரில் அடுத்த வழக்கை எடுத்துக்கொண்டு போகலாம்.

நிஜத்திலும் டிரான்ஸ்ஃபர் உண்டே?

உண்டு. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபோது, அதன் முதல் எஸ்.பி. ஒரு பெண் அதிகாரி, சுகுணா சிங். பிறகு அவரும் மாறுதலாகிப் போனார். போலீஸ் வேலையில் அது சாதாரணம்.

ஆனால் டிரான்ஸ்ஃபர் ஆனவர் வேலையை விட்டுப் போவதில்லை, வேறு ஊரில் தொடர்கிறார். 'டெல்லி க்ரைம்' பயன்படுத்திக்கொண்டது அதைத்தான். 2019-ல் ஷெஃபாலி ஷா டிசிபி வர்திகா சதுர்வேதியாக வந்தார். 2022-ல் இரண்டாவது சீசன். 2025 நவம்பரில் வந்த மூன்றாவது சீசனில் அவர் டிஐஜி, இருப்பது அசாமில். இடமாற்றமே அடுத்த கதைக்கு வாசல் ஆனது. முதல் சீசன் 2020-ல் சர்வதேச எம்மி விருதை வாங்கியது. அதற்குப் பிறகும் முகத்தை மாற்றாமல் அதே பெண்ணை வளரவிட்டார்கள்.

இது புதுப் பழக்கமா?

இல்லை, ரொம்பப் பழசு. 1998-ல் சோனியில் தொடங்கிய 'சிஐடி'யில் ஏசிபி பிரத்யுமன், அபிஜீத், தயா என்ற மூன்று ஆண் முகங்கள் நிலைத்தன. 2024 டிசம்பரில் தொடர் திரும்ப வந்தபோதும் முன்னால் நின்றது அதே மூவர்தான். பெண் இன்ஸ்பெக்டர்கள் மட்டும் ஒருவர் போக ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள். நீண்ட காலம் நிலைத்த டாக்டர் தாரிகாவுக்குக் கிடைத்த இடம் ஃபாரன்சிக் லேப்.

தமிழ் க்ரைம் நாவல்களிலோ பெண் துப்பறிவாளர்கள் வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்தவர்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா, சுபாவின் வைஜெயந்தி என்று வாசகர்கள் ரசித்த பெயர்கள் உண்டு. ஆனால் சுசீலாவுக்குப் பரத், வைஜெயந்திக்கு நரேந்திரன் என்று ஜோடியாகத்தான் வந்தார்கள்.

ஒரு சீரியல் கேரக்டருக்கு இவ்வளவு யோசிக்கணுமா?

தமிழ்நாட்டில் 1973-ல் முதன்முறை பெண்களைக் காவல் பணியில் சேர்த்தபோது இருந்தது ஒரு எஸ்.ஐ., ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள், அவ்வளவுதான். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 2010-ல் லத்திகா சரண் மாநிலத்தின் முதல் பெண் டிஜிபி ஆனார். நிஜத்தில் ஒரு பெண் போலீஸில் சேர்ந்து, ஊர் ஊராக மாறி, உச்சிவரை போக முடிகிறது.

அந்தப் பயணத்தைத் திரை காட்டுவதே இல்லை. ஆண் போலீஸுக்கு அங்கே ஒரு சர்வீஸே இருக்கு: ப்ரமோஷன், தப்பு, தண்டனை, மறுபடி எழுவது. பெண் போலீஸுக்கு இருப்பது ஒரே ஒரு கேஸ். தென்காசியில் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண் திரையில் பார்ப்பது, வந்த வேகத்தில் மறைகிற அதிகாரியை. புகார் கொடுக்க ஸ்டேஷன் படியேறத் தயங்கும் பெண்ணும் அதையேதான் பார்க்கிறார்.

அப்போ, காலம் முழுக்க இருக்கணுமா?

தேவையில்லை. அமெரிக்காவின் 'லா அண்ட் ஆர்டர்: எஸ்வியு'வில் ஒலிவியா பென்சன் 1999-ல் டிடெக்டிவாகத் தொடங்கி கேப்டனாக உயர்ந்தார். அது ஒரு வழி. பிரிட்டனின் 'ஹேப்பி வேலி' இன்னொரு வழி. 2014, 2016, 2023 என மூன்றே சீசன். சார்ஜென்ட் கேத்தரின் காவுட் பணி ஓய்வு பெறும் கட்டத்தில் தொடரை முடித்துவிட்டார்கள். அவருக்கு ஒரு முறையான விடை கிடைத்தது.

ஆக, பெண் போலீஸ் தொடரணும். போவதென்றால், போவதற்கான காரணமும் கதைக்குள் இருக்கணும். அதற்குக் குறைந்தபட்சம் மூன்று விஷயங்கள் தேவை. அவருக்குக் குடும்பத்துக்கு வெளியேயும் வழக்குகள் வரணும். போன வழக்கின் சுமையும் பதவி உயர்வும் அடுத்த சீசனிலும் தெரியணும். விசாரணை அறையில் கேள்வி கேட்கிற நாற்காலி அவருக்கும் கிடைக்கணும்.

'சுழல்' மூன்றாவது சீசன் என்று ஒன்று வந்தால், ரெஜினாவே திரும்பணும் என்றில்லை. புதிதாக ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தாலும் ஓகே. ஆனால் நான்காவது சீசனிலும் அவர் இருப்பார் என்று நினைத்து அவரை எழுதுங்கள். கேரக்டர் தானாகவே வலுவாகிவிடும்.