ஓய்வுநாளும் நகருலாவும்

ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாள் ஓய்வு வேண்டும் என்பதை மறுப்பார் ஒருவருமிலர். அவ்வோய்வை எங்ஙனம் கழிப்பது என்பதிலேயே கருத்து வேற்றுமை எழுகின்றது. சனி ஞாயிறுகளில் திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் சென்னைக்குச் செல்லும் மின்சார ரயில் வண்டிகளைக் காண்போர்க்கு, நம் பக்கத்து இளைஞர் ஓய்வு என்னும் சொல்லுக்கு நகரம் என்றே பொருள் கொண்டுள்ளமை எளிதில் விளங்கும். கலாசாலை மாணவரும், சிப்காட் தொழிற்பேட்டையில் வாரமெல்லாம் ஷிப்டு வேலை செய்து களைத்த தொழிலாளரும், அப்பேட்டையிலேயே உத்தியோகம் பெற்ற நம் பழைய மாணவரும் ஒரே வண்டியில் நெருங்கி அமர்ந்து செல்கின்றனர்.

அவர்களது ஒருநாள் உலாவின் நிரல் பெரும்பாலும் ஒன்றே. காலையில் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலை, நண்பகலில் கடைவீதி, மாலையில் கடற்கரை, இரவில், பெருந்திரையில் பந்தாட்டம் காட்டி மது விற்கும் ‘ஸ்போர்ட்ஸ் பார்’. இந்நிரலில் முதலாவதற்கு அரைமணி நேரமும் இறுதியதற்கு நான்கு மணி நேரமும் ஒதுக்கப்படுகின்றன. நகருலாவை நாம் வெறுப்பவரல்லேம். இப்பங்கீடு தவறானது என்பதே நாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

1851-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைப் பொருட்காட்சிசாலைக்கு நகரத்து மக்கள் ‘செத்த காலேஜ்’ என்று பெயரிட்டு வழங்கினர். அதன் வளாகத்திலேயே தொடங்கிப் பின்னர் மூர் மார்க்கெட்டுப் பக்கத்தில் நெடுநாள் இருந்து, 1985-இல் வண்டலூருக்குப் பெயர்ந்த மிருகக்காட்சிசாலையோ ‘உயிர்க் காலேஜ்’ எனப்பட்டது. எழுத்தறியாதாரும் இவ்விரண்டையும் ‘காலேஜ்’ என்றே அழைத்தனர் என்பது கருதற்பாலது. சம்பளம் கட்டாமலும் பரீட்சைக்கு அஞ்சாமலும் யாவரும் புகுந்து கற்கத்தக்க இடம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும். மெய்யான காலேஜில் பயிலும் நாமோ அங்குச் சென்று, படம் பிடித்துக்கொண்டு, அரைமணியில் வெளியேறி விடுகின்றோம்.

அங்கு நாம் காணாது விடுவது யாது? அமராவதிச் சிற்பங்களையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் ஒருவாறு கண்டு வருகின்றோம். ஆயின், பழைய கற்கருவிகள் வைத்துள்ள பேழைகளை வெறுங்கற்கள் என்று கருதிக் கடந்து விடுகின்றோம். அக்கற்களுக்கும் நமக்கும் உள்ள உறவு பெரிது. நில ஆராய்ச்சித் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பார் 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே அவரும் அவர்தம் தோழர் வில்லியம் கிங்கும் நம் திருவள்ளூர்ப் பகுதியில், கொசஸ்தலையாற்றின் அருகேயுள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர். பூட் தம் வாழ்நாளில் திரட்டிய பொருள்களைச் சென்னைப் பொருட்காட்சிசாலை 1904-இல் விலைக்கு வாங்கிற்று. பிற்காலத்தில் அத்திரம்பாக்கத்தை அகழ்ந்தாராய்ந்த சாந்தி பப்புவும் அவர் குழுவினரும், அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியிட்டனர். அதே இடத்தில் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கியதை 2018-இல் விளக்கினர்.

இதனால் அறியக்கிடப்பது யாது? கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இன்று இரும்பை உருக்கியும் கடைந்தும் பொருள் செய்வோர், நம் மாவட்டத்தின் முதல் தொழிலாளர் அல்லர். கல்லைக் கையிலேந்தி, எப்பக்கம் தட்டினால் எவ்விடம் பிளக்கும் என்று எண்ணிப் பார்த்துக் கருவி செய்தவர் இம்மண்ணிலேயே வாழ்ந்தனர். கைத்தொழிலைத் தாழ்வாகக் கருதும் மாணவனும், தன் வேலையைப் பற்றித் தானே நாணும் தொழிலாளியும் அப்பேழையின் முன் அரைமணி நின்றால், இருவர்க்கும் ஒரு பெருமிதம் உண்டாகும். நகரத்துச் செலவில் இதற்கு ஈடாக வேறொன்றைப் பெறுதல் அரிது.

இனி ஸ்போர்ட்ஸ் பாரைப் பற்றிச் சிறிது கூறுவோம். 21 வயது நிரம்பாதார்க்கு மது வழங்கத் தமிழ்நாட்டுச் சட்டம் இடந்தராது. நம் மாணவர் மிகப் பலர் அவ்வயதை எட்டாதவராதலின், அவர்க்கு அவ்விடம் இல்லை என்ற அளவில் அப்பேச்சு முடிந்தது. வயது வந்த தொழிலாளரும் பழைய மாணவரும் நம்மை நோக்கி, “ஆறு நாள் இயந்திரத்தோடு போராடியவனைக் கற்களைப் பார்க்கச் சொல்லுகிறீர்களே, அவனுக்கு வேண்டுவது நண்பர் கூட்டமும் ஆரவாரமும் அல்லவா?” என்று வினவக்கூடும். இவ்வினா நியாயமானதே. ஊரையும் உறவையும் விட்டு வந்து, வாடகை அறையில் பலரோடு தங்கி, ஷிப்டு மாறுந்தோறும் உறக்கமும் மாறி வாழ்கின்றவனுக்குத் தனிமையே பெரும் நோய். அவன் மதுவினும் அந்தக் கூட்டத்தையே நாடிச் செல்கின்றான் என்று நாம் நம்புகின்றோம்.

அவ்வாறாயின், கூட்டத்தோடு ஆட்டம் காண்பதற்கு மைதானமே தக்க இடமாகும். 1999-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சேப்பாக்கத்தில் நடந்த கிரிக்கெட் பந்தயத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் தோற்றது. உள்ளம் உடைந்திருந்த மக்கள் எழுந்து நின்று வென்றவரைக் கைதட்டிப் பாராட்டினர்; பாகிஸ்தான் வீரர் மைதானத்தைச் சுற்றி வந்து அம்மரியாதையை ஏற்றனர். ஆடுவோரை எதிரே கண்டவர்க்கே அப்பண்பு எளிதில் வாய்க்கும். திரை முன் கோப்பையோடு அமர்ந்தவர்க்குத் தோல்வி வந்தால் வசைமொழியே வாயில் வருகின்றது. பெரிய பந்தயங்களின் கட்டணம் நம்மனோர்க்கு எட்டாதது என்பது மெய்யே. ஆனால் நகரத்து மைதானங்களில் நடைபெறும் லீக் ஆட்டங்களைக் காண்பார் மிகச் சிலர். பொருட்காட்சிசாலை உள்ள அதே எழும்பூரில்தான், 2023-இல் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்று ஆசியச் சாம்பியன் கோப்பையைப் பெற்ற மேயர் இராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கமும் இருக்கின்றது. காலையில் ஒன்றையும், ஆட்டமுள்ள நாளில் மாலையில் மற்றதனையும் காணலாம்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, பொருட்காட்சிசாலைக்கு முற்பகல் முழுவதையும் கொடுத்து, ஒரு முறைக்கு ஒரு கூடத்தை மட்டும் நிதானமாகக் காணுதல். இரண்டாவது, நகரத்திற்குப் போகும் நான்கு வாரங்களில் ஒரு வாரத்தை நம் மாவட்டத்திற்கே அளித்தல். பூண்டியில், 1944-இல் கட்டிய நீர்த்தேக்கத்தின் அருகே, தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒன்றுண்டு. பொன்னேரியில் இறங்கிப் பஸ் ஏறினால் பழவேற்காடு. அங்கு 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் அடையாளத்தையும், வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்தம் கல்லறைத் தோட்டத்தையும் காணலாம். மூன்றாவது, கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உயர் பதவியில் உள்ள நம் பழைய மாணவர், தொழிலாளர் விடுதிகளின் அருகே ஒரு பந்தாட்ட மைதானமேனும் அமைய முயலுதல்.

இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது. மாலைப்பொழுதில் ஆடுதற்கு இடமில்லாத ஊரில், அடுத்தவன் ஆடுவதைத் திரையில் பார்ப்பதற்கு இளைஞன் நெடுந்தொலைவு செல்லாமலும் கூலியில் ஒரு பங்கை இழக்காமலும் இருக்க வேண்டும் என்று போதிப்பது எளிது. அவனுக்கு ஒரு பந்தும் ஒரு வெளியும் கொடுப்பதே கடமை. மாணவர் சனிக்கிழமைதோறும் அம்மைதானத்திற்குச் சென்று தொழிலாளரோடு ஆடுவாராயின், ஒரே வண்டியில் அருகருகே அமர்ந்தும் பேசாது பிரியும் இரு கூட்டத்தார் ஒரே அணியினர் ஆவர்.