சங்கு ஊதியும் அலை வராவிட்டால்



இயந்திரம் சிந்திக்குமா, வரப்போவதை முன்கூட்டியே அறியுமா என்று மாணவர் வினவுகின்றனர். விடை காண நம் கெடா மாநிலக் கடற்கரையே போதும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணியளவில் சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் 9.1 அளவில் நடுங்கிற்று. கோத்தா கோல மூடாவில் ஆழிப்பேரலை ஏறியதோ பிற்பகல் 1 மணிக்குப் பின்னர். இடையில் நான்கு மணி நேரம் இருந்தது! ஹவாய்த் தீவு நிலையம் கால் மணி நேரத்திற்குள் நடுக்கத்தை அறிந்தது. ஆயினும் அதன் வலிமையை 8.0 என்றே முதலில் கணித்தது. நம் கரையோர மக்களுக்குச் செய்தி சேர்க்க ஏற்பாடும் இல்லை. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். நாகப்பட்டினத்தில் மாண்டோர் ஆயிரக்கணக்கினர்.

அதன் பின்னரே நம் வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை நிலையம் அமைத்தது. ஐதராபாத்தில் 2007இல் மற்றொன்று எழுந்தது.

2012 ஏப்ரல் 11இல் மீண்டும் நடுக்கம், அளவு 8.6. எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினர். பேரலை வரவில்லை. "வீணாகப் பூச்சாண்டி காட்டினார்கள்" என்போர் இன்றும் உளர். நான் இதை ஏற்கவில்லை.

நடுக்கத்தின் அளவைக் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடும். நிலம் எவ்வாறு நகர்ந்தது என்பதை அறியச் சற்று நேரம் பிடிக்கும். 2004இல் கடலடி மேலெழும்பி நீரைத் தள்ளியது. 2012இல் பக்கவாட்டில் நழுவியது. கடல்மட்டக் கருவிகள் பெரிய எழுச்சியைக் காட்டாததால் எச்சரிக்கை நீக்கப்பட்டது. முதலில் அஞ்சி, புதிய செய்தி கிடைத்ததும் தன் கணிப்பைத் திருத்திக்கொள்வதே அறிவுடைய ஏற்பாடு. ஜெராய் மலையில் கருமேகம் கண்டு பால் வெட்டாமல் நின்ற தொழிலாளி, மேகம் கலைந்ததும் கத்தியை எடுக்கிறார். அவரைப் பொய்யர் என்போமா?

ஆகவே, பந்தாய் மெர்டேக்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், சங்கு ஊதினால் வேடிக்கை பார்க்க நில்லாது மேட்டு நிலம் நோக்கிச் செல்க. நீக்க அறிவிப்பு வரும்வரை திரும்பற்க. முதல் அலைக்குப் பின் வருவது அதனினும் பெரிதாக இருக்கக்கூடும். கடல் உள்வாங்கக் கண்டால் சங்குக்கும் காத்திருத்தல் ஆகாது. மீன் பொறுக்க ஓடும் வயதினர் நம் மாணவர். இதனை வகுப்பிலேயே சொல்லி வைத்தல் வேண்டும். மேலும், அறிவிப்பு தேசிய மொழியில் வரும். அதனைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியவர், பல வீடுகளில் நம் மாணவராகவே இருப்பர்.