பையன் ஹாக்கி மைதானத்தில்! அம்மா தீப்பெட்டி ஆபீசில்! -கோவில்பட்டியில் யாருக்கு உடற்பயிற்சி?

கோவில்பட்டி:-

கடலைமிட்டாய்க்கு பேர்போன கோவில்பட்டிக்கு இன்னொரு செல்லப்பெயரும் உண்டு. 'ஹாக்கிப்பட்டி'!

விடிந்தும் விடியாத நேரத்தில் மட்டையும் கையுமாக பையன்கள் சைக்கிளில் போவதை இந்த ஊரில் யாரும் அதிசயமாக பார்ப்பது இல்லை.

2022-ம் ஆண்டு மே மாதம் இங்கு திருவிழாதான். உள்ளூர் மைதானத்தில் தேசிய ஜூனியர் ஹாக்கி போட்டி நடந்தது. அதே மாதம் 23-ந் தேதி இந்தோனேசியாவில் ஆசிய கோப்பை போட்டி. பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி. அரியலூர்க்காரர். ஆட்டம் மெருகேறியது கோவில்பட்டியில்! அதே அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும் ஆடினார். வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார்கள்.

சரி, இது இரண்டு பேர் கதை. அவர்களோடு மட்டை பிடித்த மற்ற பையன்கள்?

போலீஸ், ரெயில்வே, பாங்கி... விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏதாவது ஒரு வேலை கிடைக்காதா என்பதுதான் பல வீடுகளில் ஹாக்கிக்கு காரணம். அதில் தப்பில்லை. வானம் பார்த்த கரிசல் பூமியில் மாதச் சம்பளம் என்பது லேசான சமாசாரமா?

ஆனால் வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, 25 வயதில் மட்டை பரணுக்கு போய்விடுகிறது. சாப்பாடு மட்டும் ஆட்டக்காரன் சாப்பாடாகவே இருக்கிறது!

3 வாரம் படுக்கை!

1966-ம் ஆண்டு அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 20 வயது வாலிபர்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். இருதயமும் உடம்பும் ஓட்டத்துக்கு தாக்குப்பிடிக்கும் சக்தி மளமளவென்று இறங்கிவிட்டது.

30 ஆண்டு கழித்து அதே 5 பேரையும் கூப்பிட்டு சோதித்தார்கள். ஆச்சரியம்! 30 வருட வயது செய்த சேதத்தைவிட அந்த 3 வார படுக்கை செய்த சேதமே அதிகம்! 6 மாதம் பயிற்சி கொடுத்ததும், வயதால் இழந்த அந்த சக்தி திரும்பி வந்தது.

ஆக, 18 வயதில் ஓடியதை வைத்து 45 வயதில் கணக்கை நேர் செய்ய முடியாது. உடம்பு பாங்கி டெபாசிட் அல்ல. அதே சமயம், 45 வயதில் மறுபடி தொடங்கினாலும் உடம்பு 'மாட்டேன்' என்று சொல்வது இல்லை.

கை ஓடுது, கால் ஓடலை

இனி அந்த பையன்களின் அம்மாமார்களை பார்ப்போம். நம் கவலை அவர்களைப் பற்றித்தான்.

கம்பு, பருத்தி, உளுந்து என்று காட்டில் குனிந்து நிமிர்ந்து களை எடுத்த தலைமுறை குறைந்துவிட்டது. இப்போது காலையில் வாசலுக்கு வேன் வருகிறது. தீப்பெட்டி ஆபீசில் இறக்கி விடுகிறது. அங்கே கட்டை அடுக்குவது, பெட்டி அடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் பெரும்பாலும் உட்கார்ந்த வேலை. கை மின்னலாக ஓடுகிறது. கால் ஓடவில்லை.

"உடம்பு ஒடிய வேலை பாக்கோம், அதுக்கு மேல என்னய்யா எக்சர்சைஸ்?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். ஆனால் அசதி வேறு, பயிற்சி வேறு.

லண்டன் மாடி பஸ்களில் இது எப்போதோ தெரிந்துபோன விஷயம். டாக்டர் ஜெர்ரி மாரிஸ் 1953-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஒரே கம்பெனி, ஒரே பஸ்!

சர்க்கரை நோயும் அப்படித்தான். காலில், தொடையில் உள்ள பெரிய தசைகள் அசையும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உறிஞ்சுகின்றன. உட்கார்ந்தால் அந்த வேலை மந்தமாகிறது.

2022-ம் ஆண்டு கணக்குப்படி, இந்தியாவில் போதுமான உடலசைவு இல்லாத ஆண்கள் நூற்றுக்கு 42 பேர். பெண்கள் 57 பேர்! வீட்டு வேலை, குழம்பு, குடம் எல்லாம் இருந்தும் பெண்கள்தான் முந்துகிறார்கள்.

மனசுக்கும் மருந்து

அமெரிக்காவில் 12 லட்சம் பேரிடம் எடுத்த கணக்கு 2018-ல் வெளியானது. உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு மனசு சரியில்லாத நாட்கள் நூற்றுக்கு 43 வீதம் குறைவாம். அதிலும் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்குத்தான் முதல் இடம். ஹாக்கி அந்த ரகம்!

மனசு நன்றாக இருப்பவர்கள்தான் விளையாட வருகிறார்களோ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பயிற்சி கொடுத்துப் பார்த்த சோதனைகளிலும் மனச்சோர்வு குறைந்திருக்கிறது.

அந்த 12 லட்சம் பேர் கணக்கில் இன்னொன்றும் உண்டு. தினம் 3 மணி நேரத்துக்கு மேல் போனவர்களின் மனநிலை, பயிற்சியே செய்யாதவர்களைவிட மோசம்! அணித்தேர்வில் பெயர் வராத பையனை வீட்டில் வைத்து திட்டித் தீர்க்கும் அப்பாமார்கள் இதை கவனிக்க வேண்டும். அவனுக்கு அது விளையாட்டு அல்ல, பரீட்சை.

பரீட்சை என்றதும் ஞாபகம் வருகிறது. பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்குவது எந்த ஊரில் இல்லை? 5 முதல் 17 வயது வரை தினம் சராசரி 60 நிமிஷம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். வயதுக்கு வந்ததும் மைதானத்தில் இருந்து முதலில் மறைவது அவர்கள்தான். எலும்பு கெட்டிப்படுவதோ அந்த வயதில்!

வேனில் இருந்து இறங்கினால்...

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷம் வேகநடை இருந்தால் போதும். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை திட்டத்தை அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் விடியற்காலையில் சோறு பொங்கி வைத்துவிட்டு வேனுக்கு ஓடுகிற பொம்பளை அங்கே எப்போது போவாள்? பகலில் கரிசல் வெயில். அந்த வெயிலில் யாரும் நடக்க வேண்டாம்.

சாயந்திரம் ஒன்று செய்யலாம். ஊருக்கு 2 கிலோமீட்டர் முன்னாலேயே நாலு பேராக வேனை விட்டு இறங்கி, பேசிக்கொண்டே எட்டிப்போட்டு நடந்தால் 25 நிமிஷம். வேலைநாள் 6. கணக்கு சரியாக 150!

இதற்கு டாக்டரும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். ஆனால் இருட்டிவிடும். ரோட்டோரம் கருவேல முள், நாய்த்தொல்லை. அந்த 2 கிலோமீட்டருக்கு லைட் போட வேண்டியது யார்? பஞ்சாயத்தா, நெடுஞ்சாலையா?