வண்டி வந்தது, வழி வரவில்லை



நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்த நம்மில் பலருக்குக் களியக்காவிளை வெறும் எல்லைக்கோடு அல்ல. நல்லது கெட்டதற்கெல்லாம் தாண்டிப் போய்வரும் வாசற்படி. அதற்கு இப்பால், பாறசாலை அருகே ஒரு சிற்றூரில் நான் குடியிருக்கிறேன். பேருந்தை விட்டு இறங்கினால் வீடு சேர்க்க ஆட்டோதான் கதி.

எங்கள் தெரு ஆட்டோக்கார அண்ணாச்சி, டீசல் செலவு தாங்காமல் பேட்டரி ஆட்டோ வாங்க நினைத்தார். பிறகு கைவிட்டுவிட்டார். ஏனென்று கேட்டேன்.

"பேங்க்ல ஜாமீன் கேக்காங்க. வண்டி வீட்டு முற்றம்வரை வராது, ரோட்டோரம்தான் கிடக்கும். எங்க கொண்டு சார்ஜ் போட? பேட்டரி கெட்டா யாரு மாத்தித் தருவா?" என்றார்.

இத்தனைக்கும் அந்த வண்டி பிறந்த இடம் தொலைவில் இல்லை. நெய்யாற்றின்கரையை அடுத்த ஆறாலுமூட்டில் உள்ள அரசு நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ், 2019இல் 'நீம் ஜி' மின்சார ஆட்டோவை வெளியிட்டது. ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 100 கி.மீ. ஓடும் என்று அறிவித்தார்கள். 2020இல் அது நேபாளத்துக்கும் ஏற்றுமதியானது. நேபாளம் போன வண்டி எங்கள் தெருவுக்கு வரவில்லை!

கேரள அரசு 2019இல் மின்வாகனக் கொள்கை வகுத்து, ஆட்டோவுக்கு 30,000 ரூபாய் வரை மானியமும் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் மானியம் வண்டி வாங்கும் அன்று மட்டுமே உதவும். மறுநாள் முதல் வண்டி ஓட வேண்டாமா?

2021இல் கேரள மின்வாரியம் கோழிக்கோட்டில் மின்கம்பங்களிலேயே சார்ஜ் செய்யும் வசதியை ஆட்டோக்களுக்காகத் தொடங்கியது. மின்கம்பம் இல்லாத கிராமம் உண்டா? அந்த வசதி எல்லைக் கிராமங்களின் ஒவ்வொரு ஆட்டோ நிறுத்தத்துக்கும் வர வேண்டும். சிறு ஓட்டுநரின் கடனுக்கு அரசே ஜாமீன் நிற்க வேண்டும். பஞ்சாயத்துதோறும் பேட்டரி பழுது பார்க்க நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர வேண்டும். அவர்களுக்கும் அது பிழைப்பாகும்.

இன்னொன்று. பேட்டரி வாகனங்களுக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018இல் விலக்கு அளித்தது. இரு மாநில மக்களும் கலந்து வாழும் எங்கள் பகுதிக்கு இது வரப்பிரசாதம். எல்லையின் இருபுறமும் சார்ஜ் வசதி கிடைக்க இரு அரசுகளும் கலந்து பேசினால்தான் அதன் பலன் கைக்கு வரும்.

மானியத் தொகையை உயர்த்துவதைவிட, அண்ணாச்சியின் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்வதே மேல் என்பது என் தாழ்மையான கருத்து. நம் சங்கத்தின் சார்பில் இதை ஒரு மனுவாகவே எழுதி அனுப்பலாமே?